மையா, மெய்யா

மூடி வைத்தாயிற்று. இனி அரை மணி நேரத்துக்கு அந்த அலுமினியத் தாளை யாரும் தூக்கிப் பார்க்கக் கூடாது. நானும் கூடாது, குறிப்பாக நான் கூடாது. சாயம் மெல்ல உள்ளே இறங்க வேண்டும். உயிரோடு இருக்கிற செல் பச்சையாகவும் இறந்துபோனது சிவப்பாகவும் ஒளிர்வதற்கு இருட்டு வேண்டும், வெதுவெதுப்பு வேண்டும், மனிதர்கள் கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதுதான் கடினம். நுண்ணோக்கி அறையின் விளக்கை அணைத்துவிட்டுச் சுழல் நாற்காலியில் முழங்கால்களைச் சேர்த்து உட்கார்ந்திருக்கிறேன். ஜன்னலுக்குக் கறுப்புத் தாள் ஒட்டியிருக்கிறோம். ஆனாலும் ஒரு மூலையில் பசை விட்டு, அந்தச் சந்து வழியாகத் திருச்சி வெயில் உள்ளே வந்து தரையில் ஒரு கோடாக நிற்கிறது. பசை விடுவதைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம்தான் வருகிறது. ஒட்டுவதையும் ஒட்டாமல் இருப்பதையும் பற்றியே ஆயுள் முழுவதும் யோசித்தவளின் அறையில் ஒரு காகிதம் ஒழுங்காக ஒட்டி நிற்க மாட்டேன் என்கிறது. எழுந்து போய் அழுத்தலாம். எழுந்தால் கிண்ணத்தின் பக்கம் போவேன். போனால் தாளின் ஓரத்தைத் தூக்குவேன். என்னை எனக்குத் தெரியும். உட்கார்ந்திரு, பங்கஜவல்லி. கிண்ணத்தில் இருப்பது விரல்நகம் அளவுள்ள ஒரு துண்டு. நான் செய்த ஜெல், தண்ணீரைப் போலத் தெளிவானது, குடுவையில் பிறந்தது, எந்த விலங்கின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் வராதது. அதற்குள், இறந்துபோன ஒருவருடைய கருவிழியிலிருந்து எமிமா பிரித்தெடுத்து வளர்த்த செல்கள். இரண்டையும் கலந்து, ஊசி வழியாக வரி வரியாக அச்சிட்டு, நீல ஒளி காட்டி உறைய வைத்து ஒரு வாரம் ஆகிறது. மூன்று மணிக்குக் கூட்டம். முந்தைய முறைகளைப் போல இம்முறையும் செல்கள் உருண்டையாகவே முடங்கிக் கிடந்தால் என் ஜெல்லை அலமாரியில் வைத்துவிட்டு, பன்றித் தோலிலிருந்து எடுக்கும் ஜெலட்டினுக்குப் போவது என்று டாக்டர் குலசேகரன் முடிவு செய்திருக்கிறார். கண் அறுவை மருத்துவர், பொறுமைசாலி. பன்னிரண்டு வருடம் பொறுத்துவிட்டார். போன கூட்டத்தில், "மேடம், உங்க ஜெல் வைரம் மாதிரி இருக்கு. ஆனா வைரத்துக்குள்ள எவன் குடியிருப்பான்?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று வீட்டுக்குப் போய் உலை வைக்க மறந்துபோனேன்.

கைப்பேசி மடியில் அதிர்கிறது. அதன் வெளிச்சம் கிண்ணத்தின் பக்கம் போகாதபடி முந்தானைக்குள் வைத்துக்கொண்டு பேச வேண்டியிருக்கிறது. "மேடம், சிக்கந்தர் பேசுறேன், பேனர் கடை. டிசைன் அனுப்புனேனே, பாத்தீங்களா? ஓகேன்னா ஓட்டிரலாம்." பார்த்தேன். வரும் ஞாயிற்றுக்கிழமை பொதுமக்களுக்கு எங்கள் நிலையத்தைத் திறந்து காட்டுகிறோம். வாசலில் தமிழில் ஒரு பேனர் வேண்டும் என்றார்கள். அச்சிடுகிற இந்த உயிருள்ள கலவைக்கு உயிர்மை என்று பெயர் சூட்டி நான்தான் வாசகம் எழுதிக் கொடுத்தேன். சிக்கந்தர் அதைச் சிவப்பில், ஆள் உயரத்தில், 'கண்ணுக்கு உயிர்மெய் அச்சு' என்று போட்டு அனுப்பியிருக்கிறார். "பார்த்தேன், தப்பு இருக்கிறது. மெய் இல்லை, மை. எழுதுகிற மை." "உயிர்மையா? அப்படி ஒண்ணு கிடையாதே மேடம். உயிர்மெய்தான். எம் பொண்ணு ரெண்டாங் கிளாஸ், நேத்துதான் க ங ச ஞ எழுதிட்டுக் கெடந்துச்சு. நீங்க அவசரத்துல விட்டுட்டீங்கன்னு நானே திருத்திட்டேன்." "நான் அவசரத்தில் எதையும் விடுவதில்லை." "சரி, கோச்சுக்காதீங்க. மைன்னா... கண்ணுக்குன்னு வேற போட்டிருக்கீங்க. கண்ணுல தீட்டுற மையா?" "கண்ணுக்குள் வைக்கிற மை." மறுமுனையில் ஏதோ இயந்திரம் ஓடி நிற்கிற சத்தம். "எரியாதா மேடம்?" "அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம். பிறகு பேசுகிறேன்." "சீக்கிரம் சொல்லுங்க, மத்தியானம் இங்க கரண்ட் போயிரும்."

எரியாதா. இந்தக் கேள்வியைக் கூட்டத்தில் ஒருவரும் கேட்டதில்லை. வெப்பநிலை கேட்பார்கள், ஒளி ஊடுருவும் விழுக்காடு கேட்பார்கள், எரியுமா என்று கேட்பது அவர்களுக்குச் சிறுபிள்ளைத்தனம். ஓசூரில் காண்டாக்ட் லென்ஸ் தொழிற்சாலையில் சேர்ந்த புதிதில் எனக்கு அது ஒன்றுதான் கேள்வி. கண்ணில் இருக்க வேண்டும், கண்ணோடு ஒட்டக் கூடாது. கண்ணீரில் இருக்கிற புரதம் படியக் கூடாது, கிருமி உட்காரக் கூடாது, தூசி தங்கக் கூடாது. அப்போது கைக்கு வந்த பொருள்தான் இந்த ஜெல். நீண்ட சங்கிலி, தண்ணீரை அப்படி விரும்பும், தன்னைச் சுற்றித் தண்ணீரையே போர்த்திக்கொள்ளும், வேறு எது வந்து மோதினாலும் வழுக்கிப் போகும். அதன் மேல் எதுவும் ஒட்டாது என்று நிரூபித்த நாளில் ஊழியர்களுக்கெல்லாம் நானே பால்கோவா வாங்கிக் கொடுத்தேன். எதுவும் ஒட்டாத பொருளைக் கொண்டாடியவளிடம் பிற்காலத்தில் வந்து இதற்குள் உயிர் ஒட்ட வேண்டும் என்கிறார்கள். என் இடது கண்ணில்கூடக் கண்புரை எடுத்த பிறகு வைத்த செயற்கை வில்லைதான் இருக்கிறது. சாயங்காலத்தில் தெருவிளக்குகளைச் சுற்றி மெல்லிய வளையம் தெரிகிறதே தவிர அது அங்கே இருப்பதே தெரியாது. அதற்கு என்னைத் தெரியுமா? தெரியாது. இத்தனை வருடமாக நான் பார்ப்பதையெல்லாம் தன் வழியே விட்டுக்கொண்டு, என்னோடு எந்த உறவும் இல்லாமல், உள்ளே உட்கார்ந்திருக்கிறது. நல்ல பொருள், குற்றம் சொல்ல முடியாது. கருவிழிக்கு மட்டும் அப்படி ஒன்று போதாதா என்று குலசேகரனிடம் ஒருமுறை கேட்டேன். "வில்லை உள்ள பத்திரமா இருக்கு மேடம். கருவிழி வெளிய நிக்குதே, தூசி, காத்து, தேய்க்கிற கை. காயம் பட்டா தானே ஆறணும். பிளாஸ்டிக் ஆறுமா?" ஆறாது. அதற்குத்தான் செல். அதற்குத்தான் இந்த அரை மணி நேரம். மணி பார்க்கலாமா? வேண்டாம். பார்த்தால் குறையப் போவதில்லை.

ஊசியிலிருந்து இறங்கும்போது ஜெல் அழகாக இருக்கிறது, அதை நான் யார் முன்னாலும் சொல்வேன். அழுத்தினால் ஓட வேண்டும், விழுந்த இடத்தில் நிற்க வேண்டும். ஜாங்கிரி பிழிகிறவர் துணியைப் பிடித்து மாவை விடுகிறபோது அது எப்படிச் சுற்றிக்கொண்டு வந்து விழுந்த வடிவத்திலேயே நிற்கிறதோ அப்படி. மாவு நீர்த்தால் பரவிவிடும், கெட்டியானால் துணியில் அடைத்துக்கொள்ளும். அந்த நடுவைப் பிடிக்க எனக்கு மூன்று வருடம். அதன் பிறகு ஒளி பட்டதும் சங்கிலிகள் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுக்கொள்ள வேண்டும், உறைய வேண்டும், ஆனால் செல் செத்துப்போகாத அளவுக்கு மென்மையான ஒளியில். அதற்கு இன்னும் சில வருடம். வரிகள் நூல் பிடித்த மாதிரி நின்றன. ஆறு மாதம் கழித்துப் பார்த்தாலும் நின்றன. செல்கள் சாகவில்லை. பச்சையாகத்தான் இருந்தன, ஒவ்வொன்றும் ஒரு பச்சைக் குண்டுமணி. குண்டுமணிகளாகவே இருந்ததுதான் விஷயம். கண்ணில் இருக்கும்போது இவை கை கால் நீட்டி, பக்கத்தில் இருப்பதைத் தொட்டுக்கொண்டு, நட்சத்திரம் மாதிரிப் படர்ந்திருக்குமாம். என் ஜெல்லில் படரவில்லை. பிடித்துக்கொள்ள இடமில்லை என்றாள் எமிமா. பிடிமானத்துக்கென்று ஒரு சிறு புரதத் துண்டைச் சங்கிலியில் தொங்கவிட்டேன். தொங்கவிட்ட பிறகும் குண்டுமணி. அடுத்தது, அடுத்தது, ஒவ்வொரு தடவையும் இதே நாற்காலி, இதே இருட்டு, கடைசியில் நுண்ணோக்கியில் கண்ணை வைத்தால் மரியாதையாக, அசையாமல், உருண்டையாக. பயம் என்று இதைச் சொல்ல மாட்டேன். சிவப்பாக இருந்தால்கூடச் சகித்துக்கொள்வேன், எங்கோ நச்சு இருக்கிறது, தேடிப் பிடிக்கலாம். உருண்டையாக இருக்கிற பச்சையிடம் என்ன கேட்பது? சரி, பயம்தான்.

திரையை விலக்கிக்கொண்டு எமிமா வருகிறாள். செல்கள் அவள் பொறுப்பு, ஜெல் என் பொறுப்பு. நாகர்கோவில்காரி, என் வயதில் பாதி, என்னிடம் பயப்படாத ஒரே ஆள். "தூக்கிப் பாத்துட்டீங்களா மேடம்?" "இல்லை." "சத்தியமா?" "நான் சத்தியம் செய்வதில்லை." "அப்பொ பாத்திருக்கீங்க." "வாயில் என்ன?" "ஏலக்கா." "வெளியே போய்த் துப்பிவிட்டு வா." "முழுங்கியாச்சு." இருட்டில் அவள் சிரிப்பது கேட்கிறது. ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருகிறாள். "இன்னும் கொஞ்ச நேரம் கெடக்கு. நீங்க வேணும்னா போய் ஒரு காப்பி குடியுங்க, நான் காவல் இருக்கேன்." "உன்னை நம்பியா?" "இந்தா, இது நல்லாயிருக்கே. மூணுல ஒரு பங்கு குடுத்த ஆளுக்கே இவ்வளவு சந்தேகமா?" அந்த மூன்றில் ஒரு பங்கு. போன மாதம் என் மேசைக்கு முன்னால் நின்று அவள் கேட்டது காதில் இன்னும் இருக்கிறது. "உள்ள வச்சுப் பூட்டிட்டு ஏன் நடமாட மாட்டேங்குதுன்னு கேட்டா அதுவ என்ன செய்யும் மேடம்? கத்திரி அதுவ கையிலயே இருக்கு. வெட்டுற மாதிரி முடிச்சைப் போட்டுக் குடுங்க." செல்கள் தம்மிடம் ஊறுகிற நொதியால் அறுக்கக்கூடிய முடிச்சு. அப்படி ஒன்று உண்டு என்று எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தேதான் ஒதுக்கி வைத்திருந்தேன். அறுபடுகிற பொருளைப் பொருள் என்று நான் ஒப்புக்கொண்டதில்லை. கரைந்தது, தொய்ந்தது, பிரிந்தது என்று ஒரு பொருளைப் பற்றி எழுதினால் அதற்குக் கீழே தோல்வி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டே பழகியவள். எல்லா முடிச்சையும் மாற்றச் சொன்னாள். முடியாது என்றேன். பாதி என்றாள். மூன்றில் ஒன்று, அதற்கு மேல் ஒரு துளி கிடையாது என்றேன். "மீன்காரிகிட்ட பேசுற மாதிரி பேசுதீங்க மேடம்," என்றாள். அந்த மூன்றில் ஒரு பங்குதான் இப்போது தாளுக்கு அடியில் இருக்கிறது. அது பலித்தால் அவள் சொன்னது சரி. பலிக்காவிட்டால் என் ஜெல்லுக்கு இடம் அலமாரி. இரண்டில் எதை விரும்புகிறாய் என்று என்னை யாரும் கேட்காதவரை நல்லது.

மெய். அந்த மனிதர் எவ்வளவு உறுதியாகச் சொன்னார், அப்படி ஒன்று கிடையாது, உயிர்மெய்தான் என்று. சொல்லைத் திருத்துகிறவரின் உறுதி எனக்கு அடையாளம் தெரிகிறது. என்னுடையதும் அந்தச் சாதிதான். மெய்யென்றால் உடம்பு. மெய்யைத் தனியாக உச்சரிக்க வராது, க் என்று சொல்லிப் பார்த்தால் தொண்டையில் ஒரு அடைப்புத்தான். தலையில் ஒரு புள்ளியை வைத்துக்கொண்டு, வாய் திறக்காமல், நேராக நிற்கும். குலசேகரன் வைரம் என்றது அதைத்தானோ? அகரம் வந்து சேர்ந்தால் க. வாய் திறந்துவிடுகிறது. புள்ளி மட்டும் காணோம். இரண்டாம் வகுப்பிலோ மூன்றாவதிலோ, க் என்று எழுதி, பக்கத்தில் அ எழுதி, கூட்டல் குறி போட்டு, க என்று ஆசிரியை எழுதியபோது நான் எழுந்து நின்று கேட்டேன். கணக்கில் எதைக் கூட்டினாலும் அதிகமாகத்தானே ஆகும், இங்கே ஏன் ஒன்று குறைகிறது, அந்தப் புள்ளி எங்கே போயிற்று மிஸ்? "போயிடுச்சு. உட்காரு," என்றார். உட்கார்ந்தேன். அதன் பிறகு வேதியியல் படித்தேன், போனது எங்கே போயிற்று என்று சொல்லித்தருகிற பாடம் என்பதால் இருக்கலாம். அந்தப் புள்ளிக்கு மட்டும் கணக்கு வரவில்லை. உயிர் வந்து ஏறினால் மெய் தன் புள்ளியை விட்டுக்கொடுக்கிறது. விட்டுக்கொடுக்காத மெய்யோடு எந்த உயிரும் சேராது, சேர்ந்ததாக எழுதவும் முடியாது, பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், அவ்வளவுதான். க், அ. க், அ. வரிசையாக, நூல் பிடித்த மாதிரி. நான் பன்னிரண்டு வருடமாக எழுதிக்கொண்டிருப்பது அதுதானா? இது வெறும் சொல் விளையாட்டு. ஒரு பேனர்க்காரரின் எழுத்துப்பிழையை வைத்துக்கொண்டு வேதிவினைக்கு விளக்கம் தேடுகிற அளவுக்கு எனக்கு அறிவு மங்கிவிடவில்லை. ஆனால் மூன்றில் ஒரு பங்கு புள்ளி என்று ஒன்று உண்டா? பாதி மறைந்த புள்ளியோடு ஒரு எழுத்தை யாராவது வாசித்திருக்கிறார்களா? "எமிமா, இந்தச் செல்கள் யாருடையவை?" "சொல்ல மாட்டாங்களே மேடம். ஆணு, வயசானவரு. அவ்வளவுதான் தெரியும். கருவிழிக்க நடுவு யாருக்கோ வச்சாச்சு, மிச்ச விளிம்புதான் நமக்கு வந்தது." ஆகவே அவருடைய ஒரு பகுதி எங்கோ ஒரு தெருவில் பேருந்துப் பலகையைப் படித்துக்கொண்டிருக்கிறது, இன்னொரு பகுதி இங்கே என் ஜெல்லுக்குள். அவர் இல்லை. அவருடைய செல்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கின்றன. துயரமாகத் தோன்ற வேண்டும், தோன்றவில்லை. எப்படி, எப்படி என்றுதான் ஓடுகிறது மனம். அவை எதைச் செய்ய நினைக்கின்றன? நினைப்பதற்கு அவற்றிடம் எதுவும் இல்லை. இருந்தும் இடம் கிடைத்தால் கருவிழியைத்தான் கட்டும், வேறெதையும் கட்டாது. கட்டத் தெரிந்தவற்றிடம் நான் இத்தனை காலம் கட்டிமுடித்த வீட்டைக் கொடுத்திருக்கிறேன்.

"ஆச்சு மேடம்," என்கிறாள் எமிமா. தாளைப் பிரிக்கிறாள். நான் எழுந்திருக்கிறேன், முழங்கால் சொடுக்குகிறது. "நீங்க பாக்கீங்களா, நான் பாக்கட்டா?" "நான்." இடது கண்ணை வைக்கிறேன், வில்லை இருக்கிற கண்ணை, வலது கண்ணை நம்பி நாளாயிற்று. முதலில் சிவப்பு. எப்போதும் முதலில் சிவப்பைத்தான் பார்ப்பேன், கெட்டதை முன்னால் முடித்துவிட வேண்டும். இங்கே ஒன்று, அங்கே இரண்டு, ஓரத்தில் ஒரு சின்னக் கூட்டம். அவ்வளவுதான். ஒளி வடிகட்டியை மாற்றுகிறேன். பச்சை. நடு வரியில் குண்டுமணிகள், தெரிந்த குண்டுமணிகள், என்னை வணங்கி நிற்கிற அதே உருண்டைகள். கிண்ணம் இருக்கிற மேடையை நகர்த்துகிறேன், துண்டின் விளிம்புப் பக்கம், இன்னும் கொஞ்சம். இது என்ன? தூசியா? குவியத்தைச் சரிசெய்கிறேன். தூசி இல்லை. ஒரு பச்சைக் கை நீண்டிருக்கிறது. அதன் முனையில் இன்னொன்றின் கை. மூன்றாவது ஒன்று, நாலா பக்கமும் நீட்டி, எமிமா சொல்வாளே அந்த நட்சத்திரம், ஒன்றல்ல, இந்த வரி முழுக்க, அடுத்த வரிக்குத் தாவி, இரண்டு வரிகளுக்கும் நடுவே நான் எதுவும் அச்சிடாத வெற்றிடத்தின் மேல்கூட ஒன்று பாலம் போட்டிருக்கிறது. ஜெல் எங்கே எவ்வளவு இருக்கிறது என்று காட்டுவதற்காக அதில் நீல ஒளிர்மணிகளைப் பொடியாகக் கலந்திருந்தோம். அதற்கு மாற்றிப் பார்க்கிறேன். வரிகள் தொய்ந்திருக்கின்றன. என் நேர்க்கோடுகள், ஆறு மாதம் ஆனாலும் அசையாதவை, ஈரத்துணி போல வளைந்து கிடக்கின்றன. குண்டுமணிகள் இருந்த இடத்தில் நீலப் புள்ளிகள் அப்படியே, நெருக்கமாக, ஒழுங்காக. கை நீட்டியவற்றைச் சுற்றிப் புள்ளிகள் இல்லை. விலகியிருக்கின்றன, சில இடங்களில் அடியோடு இல்லை. செல்லின் உருவத்துக்கு ஒரு கறுப்பு வெளி, அந்தக் கறுப்புக்குள் அது தன் இஷ்டத்துக்குப் படுத்திருக்கிறது. புள்ளி எங்கே போயிற்று மிஸ்? இதோ, இங்கே.

"மேடம்? என்னதான் தெரியுது? சொல்லுங்களேன்." இடம் விட்டு நகர்கிறேன். அவள் குனிந்து பார்க்கிறாள், ஒரு சத்தம் வருகிறது அவளிடமிருந்து, சொல் இல்லை. அதற்குள் முந்தானைக்குள் கைப்பேசி. "மேடம், மையா மெய்யா? மிஷின் சும்மா நிக்குது." "மை. மகரத்துக்கு ஐகாரம். நான் எழுதிக் கொடுத்தது போலவே." "அப்ப மெய் தப்புத்தானா?" "உங்கள் பேனரில் தப்பு." "நல்லா சொன்னீங்க போங்க," என்று வைத்துவிடுகிறார். எமிமா இன்னும் கண்ணை எடுக்கவில்லை. "வரி தொய்ஞ்சு போச்சே மேடம். வடிவம் நிக்குதான்னுதானே டாக்டர் சார் முதல்ல கேப்பாரு." "கேட்பார். நிற்கவில்லை என்று சொல்வேன். படத்தையும் காட்டுவேன்." "அடுத்த கலவைக்கு எம்புட்டு? பாதி வைப்போமா?" "முழுவதும்." இப்போதுதான் நிமிர்கிறாள். "முழுசுமா? நிக்காது மேடம். அதுவ சொந்தமா நெய்யதுக்கு முந்தி எல்லாம் இடிஞ்சு விழுந்திரும்." கேட்டவளே பின்வாங்குகிறாள், நல்ல பெண்தான். எவ்வளவு வேகத்தில் அறுக்கின்றன, எவ்வளவு வேகத்தில் நெய்கின்றன, இரண்டுக்கும் நடுவே எத்தனை நாள் என் ஜெல் தாங்கிப் பிடித்தால் போதும். இது புதுக் கேள்வி, இதை நான் இதுவரை கேட்டதே இல்லை, என் வயதில் புதிதாக ஒரு கேள்வி கிடைப்பது சாதாரணமல்ல. "அவை நெய்கிறவரை நின்றால் போதும். வேகத்தைக் கணக்கிடலாம், வா." விளக்கைப் போடச் சொல்லிவிட்டு, எழுந்ததுதான் எழுந்தோம் என்று ஜன்னல் மூலைக்குப் போய்ப் பசை விட்ட தாளை ஒரு தடவை அழுத்துகிறேன். விரலை எடுத்ததும் மறுபடி எழும்புகிறது. இருக்கட்டும். எல்லா முடிச்சும் அறுபட்டு, அவை தமக்கு வேண்டியதைத் தாமே நெய்து முடித்த பிறகு, நீல வடிகட்டியை வைத்துப் பார்த்தால் முழுக் கறுப்பாகத்தான் தெரியும். என்னுடையது என்று விரல் வைத்துக் காட்ட அதில் ஒரு புள்ளிகூட இருக்காது. அது எப்படி இருக்கும் என்று நான் பார்க்க வேண்டும்.